பாதி ஜெபத்துக்கு ஒரு மீன்

கோரிப் ஏரியில் முப்பது வருடம் படகோட்டிய ஃபெஸ்டஸ் மானியன், தூண்டில் சங்கத்தின் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. தூண்டிலில் கோத்து நீர்மேல் ஆடவிடும் ஈயை ட்ரௌட் மீன் கவ்வியதுமே, முள் மாட்டும் முன் அவசரப்பட்டு இழுத்து நழுவவிடுவார்.

"அருள் நிறைந்த மரியே ஜெபத்துல பாதி சொல்லிட்டு இழுங்க," என்றாள் நான்கு கோப்பை வென்ற மனைவி அட்ராக்டா.

இந்த மே மாதப் போட்டியின் கடைசி நிமிடத்தில் பெரிய மீனொன்று ஈயைக் கவ்வியது. ஃபெஸ்டஸ் சத்தமாகப் பாதி ஜெபம் சொல்லித் தூண்டிலை இழுக்கப் போனார். படகின் மறுமுனையிலிருந்த அட்ராக்டா, தினமும் வீட்டில் ஒருவர் முதல் பாதியும் மற்றவர் மறுபாதியுமாக ஜெபமாலை சொல்லும் பழக்கத்தில் மறுபாதியைத் தொடங்கினாள். அவர் மரியாதையாகக் காத்திருந்து, ஆமென் சொல்லி, அடுத்த ஜெபத்தையும் ஆரம்பித்துவிட்டார்.

மீன் ஈயைத் துப்பிவிட்டுப் போயிற்று.

"ஏன்டி பதில் சொன்னே?"

"கோயில்ல தூங்குற மனுஷன் வாயில இவ்ளோ சத்தமா ஜெபம் வந்துச்சே, பாதில விட மனசு வரலைங்க."