கல்யாணத்துக்கு ஒரு மாஸ்டர் ஷீட்

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்புப் பட்டியலைத் தொகுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மன்னார்குடியிலிருந்து அண்ணன் ஒரு தாளிலும் அண்ணி ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார்கள். துபாயில் வேலை பார்த்த அவர்கள் மகன் எக்செல்லிலேயே அடித்து மெயில் அனுப்பினான். ஆளுக்கொரு ஷீட். மூன்றையும் நான்காவது ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ‘மாஸ்டர்’ என்று பெயரிட்டேன். எந்த வரியும் இரண்டு முறை வரவில்லை என்று சரிபார்த்த பிறகே ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன்.

மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன் திரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“இவ்வளவு பேருக்கு எங்கம்மா பந்தி போடுறது? மண்டபம் தாங்காது. இவ ஹாஸ்டல் பொண்ணுங்க பதினோரு பேரையும் எடுத்துடு.”

“அவங்க ரயில் டிக்கெட்டே போட்டுட்டாங்கப்பா. வராதீங்கடின்னு நான் எப்படிச் சொல்றது?” என்றாள் கல்யாணப் பெண். அவர் எழுந்து காபி குடிக்கப் போனார்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மவுசை உருட்டினாள். திடீரென்று கை நின்றது.

“அத்தை, ‘நன்னிலம் அண்ணன்’னு அம்மா எழுதியிருக்காங்க. ‘சீர்காழி மச்சான்’னு அப்பா. ‘சிங்கப்பூர் மாமா’ன்னு துபாய்க்காரன். மூணும் எங்க பெரிய மாமாதான்!”

பிறந்தது நன்னிலம், வீடு கட்டியது சீர்காழி, வேலை சிங்கப்பூர். அவர் குடும்பத்தில் ஐந்து பேர். நான் பதினைந்து இலை போட்டிருந்தேன். பெரியவர்களைப் பெயர் சொல்லி எழுதும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒவ்வொருவரும் தாங்கள் கூப்பிடும் முறையை எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முறை தெரியுமா?

ஷீட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: ‘பெண் எப்படிக் கூப்பிடுவாள்’. முதல் வரியிலிருந்து அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். அகர வரிசைப்படுத்தியதும் சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் ஜோடி ஜோடியாக வந்து நின்றார்கள்.

“அத்தை, இந்த ‘தஞ்சாவூர் தங்கச்சி’, ‘நாத்தனார்’, ‘கம்ப்யூட்டர் அத்தை’ எல்லாம் யாருன்னு நெனைக்கிறீங்க?”

என்னையே நான் மூன்று முறை கல்யாணத்துக்கு அழைத்திருந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அண்ணன் காபி டம்ளரோடு ஓடி வந்தார். என் இரண்டு வரிகளையும் மற்ற இரட்டிப்புகளையும் அழித்துவிட்டு, புதிய கூட்டுத்தொகையைக் காட்டினேன். குனிந்து இரண்டு முறை பார்த்தார்.

“சரி, அந்தப் பதினோரு பேரையும் வரச்சொல்லு. ஆனா முதல் பந்தியில மட்டும்…”

அவர் முடிப்பதற்குள் அவள் கூடத்துப் போனில், “ஏய், கிளம்பி வாங்கடி!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.