அவள் குரலில் தும்பாரி

தும்பாரி என்று ஒரு பறவை எங்கும் கிடையாது. நான்தான் உண்டாக்கினேன்.

மூணாறுக்குப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில், பாக்கெட் போடும் பகுதியில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. என்னைவிட நாலு வயது இளையவள். இரண்டு பேருக்கும் மாயாஜாலக் கதை என்றால் பைத்தியம். மத்தியானம் சாப்பிடும்போது பேசிப் பேசியே ஒரு நாட்டை உண்டாக்கினோம். கண்ணுக்கெட்டிய மட்டும் சதுப்பும் கோரையும்தான் அங்கே. ராஜாக்களும் சண்டைகளும் அவள் பொறுப்பு. பறவையும் மீனும் என் பொறுப்பு.

தும்பாரி ஆள் உயரம் நிற்கும். சிறகு நனைந்த பாறையின் நிறம். அது தொண்டைப் பையை அதிரவிட்டால் சத்தம் தண்ணீருக்கு அடியில்தான் போகும். தூரத்தில் நிற்கும் ஜோடி அதைக் காலால் கேட்டுக்கொள்ளும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னேன்: பொரியாத முட்டையைத் தும்பாரி விட்டுப்போகாது. வெள்ளம் ஏறினாலும் அதன்மேலேயே நிற்கும்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அக்கா, நீங்க பறவையப் பத்தியா பேசுறீங்க?" என்றாள்.

கல்யாணமான மறுவருஷம் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, அழாமலே போய்விட்ட என் பெண்குழந்தையைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரிடம் வாய்திறந்தேன். என் வீட்டுக்காரர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வண்டி கழுவப் போய்விடுவார்.

"யார்ட்டயும் சொல்லிராத, புள்ள."

"உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்க்கா."

பிறகு அவள் டவுனில் ஒரு லாட்ஜில் வேலைக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்து, பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி போனில் ஒரு ஆடியோ கதை போட்டாள். கேட்டது லாட்ஜுக்குப் போனவளின் குரல். எங்கள் நாடு, என் தும்பாரி. முதலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கதை முடிந்ததும் அவள் தழுதழுத்தபடி பேசினாள். அந்த முட்டை அவளுடைய சொந்தத் துக்கமாம். எட்டாம் மாதத்தில் அவள் பறிகொடுத்த பெண்குழந்தையாம்.

அவள் பெற்றதே இரண்டு பிள்ளைகள்; இரண்டும் நன்றாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கின்றன.

லீவு போட்டுவிட்டு லாட்ஜுக்கே போனேன்.

"கதைய எடுத்திருந்தா விட்டிருப்பேன். எம்புள்ளைய எதுக்கு எடுத்த?"

"இது எங்கருந்து வந்துச்சுன்னு கதை கேக்குறவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்கக்கா. உங்க பேரச் சொல்ல முடியுமா? உங்களக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் எனக்கு நடந்ததுன்னு சொன்னேன்."

என்னிடம் அவள் பொய் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேணும்னா இப்பவே உங்களோடதுன்னு சொல்லிர்றேன்."

சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். சொல்லாவிட்டால் குழந்தை அவளுடையதாகிவிடும். பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சில வாரம் போயிருக்கும், அன்றைக்கு எனக்கு லீவு. மாட்டுப்பட்டி அணைக்குப் போன சவாரி முடிந்து மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"வண்டியில வந்தவங்க ஒரு கதை போட்டாங்க. ஒரு பறவைக் கதை. பாவம், அதச் சொன்ன பொண்ணுக்கும் நம்மள மாதிரிதான் ஆயிருக்கு."

"அது அவ கதை இல்லைங்க," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"அவகிட்டச் சொல்லத் தோணுச்சு. எங்கிட்டச் சொல்லத் தோணலியா?"

பேச்சை எடுத்தாலே வண்டி கழுவப் போனவர் அவர்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு ரசம் ஊற்றினேன். பிறகு அவரே பேசினார். குழந்தையை அடக்கம் பண்ணக் கொண்டுபோனபோது துணியை விலக்கிப் பார்த்தாராம்.

"நெத்தி அப்படியே ஒன்னோடது," என்றார்.

எனக்கு அந்த முகத்தை யாரும் காட்டவில்லை. அவர் பார்த்திருக்கிறார் என்பதே இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

இப்போது நாங்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம், எங்கள் மகளைப் பற்றி. அதற்காக நான் மற்றவளை மன்னித்துவிடவில்லை. அவள் கதை இன்னும் போய்க்கொண்டிருக்கிறதாம். கடைத்தெருவில் பார்த்தால் "அக்கா" என்று பழைய மாதிரியே கூப்பிடுகிறாள். நான் நிற்பதில்லை.