பந்துக்கு முதுகு காட்டி நிக்கிற செல்வியக்கா

எங்க பக்கம் புட்பால் பைனல்னா மைதானத்துல இருக்கிற அம்புட்டு பேரும் பந்தைத்தான் பாப்பாக. ஒரே ஒரு ஆளு மட்டும் பந்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு எங்களப் பாத்துக்கிட்டு நிப்பாக. காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், தொப்பி, கழுத்துல விசில். ஹோம்கார்டு ஞானசெல்வி. எங்களுக்கு செல்வியக்கா.

நான் கம்பம் பள்ளத்தாக்குல நடக்கிற மேட்ச்களப் பத்தி ஒரு பேஜ் நடத்துறேன். யாரு கோல் போட்டா, யாரு தடுத்தா, இதுதான் எழுதுவேன். இப்பத்தான் மொத தடவையா ஆட்டத்தப் பாக்காத ஒரு ஆளப் பத்தி எழுதுறேன். கை ஓடுற வேகத்துல எழுதுறேன், நடுவுல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அக்கா பொறந்தது ராயப்பன்பட்டி. சாயங்காலமானா அங்கன சர்ச் பக்கத்துல பயலுக பந்து ஆடுவானுக. பொம்பளப்புள்ளைக ஆடக் கூடாதுன்னு யாரும் சொல்லல, ஆனா வாங்கன்னு யாரும் கூப்பிடவும் இல்ல. அக்கா கோல்போஸ்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிருவாகளாம். வெளிய போற பந்து திராட்சைத் தோட்டத்துக்குள்ள உருண்டுரும். ஓடிப்போய் எடுத்துட்டு வந்து எறிவாக. "எறியிறதாச்சும் நம்ம கையில இருந்துச்சுல்ல"ன்னு இப்பவும் சொல்லிச் சிரிக்கிறாக.

பத்தாவது முடிச்சதும் அதே தோட்டத்துல கூலி வேலை. திராட்சைக் குலையில காய் கழிக்கிற வேலை. குலை பிஞ்சா இருக்கப்பவே கத்தரி வச்சு ஊடால ஊடால வெட்டி எடுத்துரணும். இல்லைன்னா காய் பருக்கப் பருக்க ஒண்ணையொண்ணு நெருக்கி வெடிச்சிரும். அந்தக் கை இன்னைக்கும் அந்த வேலைதான் செய்யுது. ஹோம்கார்டு டூட்டி மாசத்துல சில நாளுதான, மத்த நாளெல்லாம் தோட்டம்தான்.

கல்யாணமாகி உத்தமபாளையம் வந்தாக. வீட்டுக்காரர் ஏசுதாசன், கேரளாவுக்குக் காய்கறி ஏத்திட்டுப் போற லோடு வண்டி டிரைவர். ஒரே மகன் வினோத்ராஜ். ஹோம்கார்டுக்கு ஆள் எடுக்கிறாகன்னு கேள்விப்பட்டு, வீட்டுல மூச்சு விடாம போய், ஓடச் சொன்ன இடத்துல ஓடி, தேர்வானப்பெறகுதான் வீட்டுல சொன்னாகளாம். ஏசுதாசன் அண்ணே, "வீட்டுல ஏற்கனவே நீதான போலீசு, இனிமே சட்டை வேற குடுக்கப் போறாகளா"ன்னு கேட்டாராம்.

வீரபாண்டித் திருவிழா, ஆடி அமாவாசைக்கு சுருளி, ஐயப்பன் சீசன்ல கம்பம் ரோடு, எல்லா எடத்துலயும் அக்கா நின்னுருக்காக. கூட்டம்னா என்னான்னு அங்கனதான் படிச்சேன்னு சொல்றாக. பின்னாடி நிக்கிறவனுக்கு முன்னாடி நடக்கிறது தெரியாது, அவன் கெட்டவனும் இல்ல, அவனுக்கு சாமியப் பாக்கணும், அம்புட்டுத்தான். அதனால கூட்டத்துக்கிட்டக் கோவப்படக் கூடாதாம்.

இனிமேதான் புட்பால். உத்தமபாளையத்துக்கு வெளிய, வாய்க்கால் கரைக்குக் கீழ ஒரு மைதானம். வருசா வருசம் முல்லைக்கரை பிரண்ட்ஸ்னு எங்க கிளப் செவன்ஸ் நடத்தும், பக்கத்துக்கு ஏழு பேரு. குமுளிக்கு மேல இருந்தெல்லாம் டீம் எறங்கி வரும், கூடவே ஜீப் ஜீப்பா சேட்டன்மாரு. வாய்க்கால் கரைச் சரிவு பூரா ஆளு. எங்களுக்கு அதுதான் வேர்ல்டு கப்பு.

அதுல வடக்குக் கோல்போஸ்டுக்குப் பின்னாடி பொம்பளைகளும் புள்ளைகளும் நிக்கிற எடம் அக்காவுக்கு. மத்த ஹோம்கார்டுக எல்லாம் சத்தம் வந்தா டக்குன்னு திரும்பிருவாக. மனுசன்தான. இவுக மட்டும் திரும்பினதே கெடையாது. முல்லைக்கரை கோல்கீப்பர் யாருன்னு நெனைக்கிறீக? வினோத்து. இவுக மகன். பெத்த புள்ள முதுகுக்குப் பின்னாடி பாய்ஞ்சு பாய்ஞ்சு பந்து பிடிக்கிறான், அத்தனை வருசமா ஒரு தடவை கூடப் பாத்ததில்ல.

ஒரு மேட்ச் முடிஞ்சு நான் சும்மா கேட்டேன், இன்னைக்கு ஆட்டம் எப்புடின்னு. மொதப் பாதியில ஒரு கார்னர், போஸ்டுல பட்டு வந்துச்சு, அப்புறம் நம்ம பய ஒருத்தன் சும்மா விழுந்து நடிச்சான், எல்லாத்தையும் வரிசையா சொன்னாக. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எப்புடிக்கான்னேன். ஒங்க மூஞ்சியிலதான ஆட்டம் நடக்குதுன்னாக. கார்னர்னா எல்லாரும் ஒரே பக்கம் கழுத்த நீட்டுவீக. பெனால்டின்னா கை தலைக்குப் போயிரும். வினோத்து பந்தப் பிடிச்சா மொதல்ல வாய் தெறக்கும், சத்தம் அப்புறந்தான் வரும். இப்புடி.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ரகளை நடந்துச்சு. ஹேண்ட்பாலுன்னு ரெப்ரி விசில் ஊதினாரு, எங்க ஆளுக திமுதிமுன்னு உள்ள எறங்கி அவரு ஒதட்டக் கிழிச்சுட்டானுக. அதனால போன வருசம் அனுமதி வாங்குறதே பெரும்பாடாப் போச்சு. சுத்தி வேலி போடணும்னு ஒரு கண்டிஷன். எங்க கூட்டம் மைதானத்துக்குள்ள எறங்குனா மேட்ச் எதிர் டீமுக்குன்னு ஒரு கண்டிஷன். கிளப் செயலாளர் சுந்தர்ராஜ் ரெண்டுக்கும் சரின்னுட்டாரு.

வேலி போட வந்தவரு மொக்கைச்சாமி அண்ணே. திராட்சைப் பந்தலுக்குக் கல்லு ஊனிக் கம்பி இழுக்கிறதுல எங்க பக்கம் அவர மிஞ்ச ஆளில்ல. தோட்டத்துக்கு எப்புடிப் போடுவாரோ அப்புடியே போட்டாரு. கல்தூண், ஊடால நெருக்கமா கம்பி, வீணைத் தந்தி கணக்கா இழுத்து முறுக்கி. பன்னி மோதுனாலும் பன்னிக்குத்தான் வலிக்கும்னாரு. ஆட்டக்காரங்க வர்ற வழியத் தவுர எங்கனயும் வாசல் கெடையாது. வாசல் விட்டா அது வழியாத்தான உள்ள வருவானுகன்னு சுந்தர்ராஜ் சொன்னாரு, எல்லாரும் ஆமான்னோம். நானும் ஆமான்னேன். செல்வியக்காவும் வேலியத் தட்டிப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னுதான் சொன்னாக.

பைனல். எங்களுக்கும் குமுளி மேல இருந்து வந்த டீமுக்கும். முல்லைக்கரை அதுக்கு முன்னாடி கப்பு ஜெயிச்சதே இல்ல. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போய்க்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது பாதியில வினோத்து எங்க பக்கக் கோல்போஸ்டுக்கு வந்தான். நான் பொம்பளைகளோட மொத வரிசை. கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கை எட்டுற தூரத்துல அக்கா, அவுகளுக்குப் பின்னாடி மகன்.

கடைசி நேரத்துல எங்க ஆளு ரெண்டாவது கோல் போட்டான். அவ்வளவுதான். வாய்க்கால் கரைச் சரிவுல இருந்தவுக எல்லாம் சந்தோசத்துல கீழ எறங்குனாக. சத்தத்தக் கேட்டு டிக்கெட் கெடைக்காம வெளிய நின்ன கூட்டமும் மறிச்சுக் கட்டியிருந்த கயித்தத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு. சரிவுல்ல, எறங்க ஆரம்பிச்சா நிக்க முடியாது. அம்புட்டு பாரமும் எங்க முதுகுல வந்து நின்னுச்சு.

அது எப்புடி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. கம்பி நெஞ்சுல பதியிது. கைய எடுக்க முடியல. கால் தரையில இருக்கா இல்லையான்னு தெரியல. பக்கத்துல ஒரு சின்னப் புள்ள, அதோட ஒரு கை மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சது. கத்தணும், ஆனா கத்துறதுக்கும் மூச்சு வேணும்ல. பின்னாடி மேளம் அடிக்கிறாக, ஆடுறாக. போலீசு, கமிட்டி, எல்லாரும் பந்தப் பாத்துக்கிட்டு இருக்காக. ஒரு கலவரமும் இல்ல. யாரும் யாரையும் அடிக்கல. எல்லாரும் சந்தோசமா இருக்காக, நாங்க செத்துக்கிட்டு இருக்கோம்.

செல்வியக்கா மட்டும் எங்களப் பாத்துக்கிட்டு இருந்தாக.

பெறகு சொன்னாக, "ஒங்க யாரு மூஞ்சியிலயும் ஆட்டம் இல்ல. எல்லாரு தாடையும் மேல தூக்கியிருந்துச்சு. ஆளுக்கு ஆளு வானத்தப் பாக்குறீக." மூச்சுக்காகத் தலையத் தூக்கியிருக்கோம், எங்களுக்கே தெரியாம.

விசில் ஊதுனாக. மேளத்துல அமுங்கிப் போச்சு. பின்னாடி போங்கன்னு கையக் காட்டுனாக, பின்னாடி எவனுக்கும் தெரியல. மூலைக் கல்தூண்கிட்ட மொக்கைச்சாமி அண்ணே நின்னு ஆட்டம் பாத்துக்கிட்டு இருந்தாரு, இடுப்புல கட்டிங் பிளேயர். அக்கா ஓடிப்போய்க் கம்பிய வெட்டச் சொன்னாக. அவரு வேலியப் பாத்தாரு, கிரவுண்டப் பாத்தாரு.

"தங்கச்சி, நாலு நிமிசந்தான் இருக்கு. கூட்டம் எறங்குச்சுன்னா கப்பு போயிரும்."

"அண்ணே, புள்ளைக மூச்சு விடல."

சொல்லிக்கிட்டே அவரு இடுப்புல இருந்து பிளேயர உருவிட்டாக. அப்பத்தான் வினோத்து பாத்தான். பந்து அந்தக் கோடியில இருக்கு. இவன் கோல்போஸ்ட விட்டு ரெண்டு எட்டு வந்து கத்துனான்.

"அம்மா, வேண்டாம்மா."

அக்கா திரும்பல. இழுத்துக் கட்டின கம்பிய வெட்டுனா சுண்டி அடிக்கும், தோட்டத்து ஆளுகளுக்குத் தெரியும். ஒரு கால வச்சுக் கம்பிய மிதிச்சுக்கிட்டு, தூணை ஒட்டி, ஒண்ணு ஒண்ணா வெட்டுனாக. மேல் கம்பி மட்டும் தப்பி அவுக கன்னத்தக் கீறிட்டுப் போச்சு. தொடைக்கக் கூட இல்ல. மூலையில வேலி தொய்ஞ்சது, அந்தப் பக்கமா ஆளுக சரிஞ்சு சரிஞ்சு மைதானத்துக்குள்ள விழுந்தாக. மொக்கைச்சாமி அண்ணே அடுத்த தூணுக்கு ஓடி, தான் போட்ட முறுக்கத் தானே வெறுங்கையால அவுத்தாரு. எனக்கு நெஞ்சுல இருந்து கம்பி விலகுனது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்புறம் புல்லு வாசனை. ரெண்டு கை என் கக்கத்துல பிடிச்சு இழுத்துச்சு. பாத்தா கோல்கீப்பர் கிளவுஸ்.

வினோத்து கோல்போஸ்ட விட்டுட்டு வந்துட்டான். அவுக அம்மா அவனுக்குச் சொன்னது ஒரே வார்த்தைதான், கீழ கெடக்கிறவுகளப் பாருன்னு. அந்தச் சின்னப் புள்ளையத் தூக்கினது அவன்தான்.

கை ஒடிஞ்சவுக, விலா ஒடிஞ்சவுகன்னு 108 வண்டி போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு. ஒரு உசுரு போகல. மறுபடியும் எழுதுறேன். ஒரு உசுரு கூடப் போகல.

கண்டிஷன்படி கப்பு குமுளி டீமுக்குப் போச்சு. அந்த டீம் கேப்டன் அதத் தலைக்கு மேல தூக்கல, துண்டுல சுத்தி ஜீப்புல வச்சுட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் ஊரு பேசுனத நான் மறக்க மாட்டேன். டீக்கடையில, கப்ப வெட்டுன செல்வின்னே பேரு வச்சானுக. மொக்கைச்சாமி அண்ணனையும் விடல, ஒன் கம்பிய ஒன் பிளேயர வச்சே வெட்டிருச்சே அந்தம்மான்னு. அதுக்குத்தாண்டா பிளேயர் வச்சிருக்கேன்னுட்டாரு. அக்கா மறுநாளே காய் கழிக்கப் போயிட்டாக. வீட்டுல வினோத்து அவுககிட்டப் பேசலையாம். அவனுக்குக் கோவமான்னு நான் கேட்டதுக்கு அக்காவுக்கே தெரியல. அவன் மூஞ்சிய மட்டும் என்னால படிக்க முடியலைன்னு சொன்னாக.

இந்த வருசம் வேலிக்கு வாசல் வச்சாக, தூணுக்குத் தூணு. பூட்டு கெடையாது, கொண்டிதான், மைதானத்துப் பக்கமாத் தெறக்கும். போட்டது மொக்கைச்சாமி அண்ணே, கூலி வேண்டாம்னுட்டாரு. ஆனா வடக்குப் பக்கத்துக்கு வேற ஹோம்கார்டக் கேக்கலாம்னு கமிட்டியில ஒரு பேச்சு ஓடுச்சு. பிராக்டிசு நடக்கிறப்போ சுந்தர்ராஜ் அத மெதுவா சொன்னாரு. வினோத்து கிளவுசக் கழட்டி அவரு கையில குடுத்தான்.

"எங்கம்மா எனக்குப் பின்னாடி நிக்கிறதாலதான் நான் முன்னாடி பாத்து ஆடுறேன். வேற ஆளு நின்னா வேற ஆளு கீப்பிங் பண்ணட்டும்."

கிளவுஸ் திரும்ப அவன் கைக்கே வந்துச்சு.

இந்த வருச பைனல் வந்துச்சு, ஆட்டம் டை. பெனால்டி சூட் அவுட். வடக்குக் கோல்போஸ்ட். எதிர் டீம் கடைசி ஆளு அடிக்கணும், வினோத்து தடுத்தா கப்பு எங்களுக்கு. நான் அதே மொத வரிசை. அக்கா எனக்கு நேரா, முதுகுக்குப் பின்னாடி மகன். கன்னத்துல அந்தக் கீறல் வெள்ளையா தெரியுது. நான் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்.

"ஆத்தா, கண்ண மூடாத"ன்னாக. "நீ மூடிட்டா எனக்கு எப்புடித் தெரியும்?"

தெறந்தேன். அவன் வலது பக்கம் பாய்ஞ்சான். என் வாய் தெறந்துச்சு, சத்தம் வரல. செல்வியக்கா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தாக, அவுக கண்ணு ரெண்டும் நெறைஞ்சிருச்சு. என் சத்தம் அதுக்கப்பறந்தான் வந்துச்சு.

பின்னாடி கூட்டம் எழுந்துச்சு. அந்த எடை என் முதுகுல லேசாத் தொட்டதும் எனக்கு ஒரு நிமிசம் உசுரு போயி வந்துச்சு. அக்கா விசில் ஊதி, கொண்டியத் தூக்கி, கதவ மைதானத்துப் பக்கம் முழுசாத் தெறந்து விட்டாக. மெதுவா, ஓடாம, புள்ளைகளக் கையில பிடிச்சுக்கிட்டு வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. ஊரே அவுகளத் தாண்டி உள்ள போகுது. வினோத்தத் தோள்ல தூக்கிட்டாக. அம்புட்டு உயரத்துல இருந்து அவன் அம்மாவோட முதுகத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

அவுக இன்னும் திரும்பல. வாசல்ல நின்னு, கடைசியா வந்துக்கிட்டு இருந்தவுக மூஞ்சிய ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு இருந்தாக.