தம்பிக்கு முதல் பால்

எனக்கும் தம்பிக்கும் அடிபட்டது ஒரே ஏணியில்தான். பொங்கலுக்கு வெண்கலப் பானையை இறக்க நான் பரணில் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பிக்குப் போன் வந்தது. பிடித்திருந்த கையை எடுத்தான். ஏணி சறுக்கி, என் பின்மண்டை கிரைண்டர் விளிம்பில் மோதியது. ஏணி அவன் காலில் விழுந்தது. அவனுக்கு எலும்பு முறிவு, எனக்கு மூளை குலுங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

அவனுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டார்கள். எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. போன் பார்க்காதே, படிக்காதே, வெளிச்சத்தில் உட்காராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு பிளாஸ்திரிகூடக் கிடையாது. நாற்பத்தாறு வயதில் ஒருவன் பிளாஸ்திரிக்கு ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாங்கள் மாடியும் கீழுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். மனைவிமார் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் அம்மாதான் எங்களைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்றால், அவனைப் பார்த்துக்கொண்டாள். கூடத்தில் கட்டில், காலுக்குக் கீழே இரண்டு தலையணை, மின்விசிறிக்கு நேர் கீழே ராஜா மாதிரி கிடந்தான். நான் உள்ளறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு பாயில் கிடந்தேன். குக்கர் விசில் அடித்தால் மண்டைக்குள் ஆணி இறங்கும். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு என்ன பெயர் என்று யோசித்திருக்கிறேன். இதையெல்லாம் யாரிடம் காட்டுவது? அம்மாவிடம் சொன்னேன்.

"ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு ஸ்கேன்லயே சொல்லிட்டாவல்லா. பைய எந்திச்சு அவனுக்கு அந்தத் தலகாணிய எடுத்துக் குடு" என்றாள்.

ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்தவர்கள் எல்லாரும் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்கள். ஏரலிலிருந்து வந்த சித்தப்பா அரை மணிநேரம் அவன் காலைப் பற்றியே பேசிவிட்டு, கிளம்பும்போது உள்ளறையை எட்டிப் பார்த்து, எனக்கு ஆபீசில் லீவா என்று கேட்டார். பிறகுதான் காபி கவனத்துக்கு வந்தது. எனக்கு வந்த காபி வெறும் வெந்நீரில் சர்க்கரை கரைத்ததுபோல இருந்தது. தம்பியோ ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். சரி, அவனுக்கு முதல் டிகாஷன், எனக்கு இரண்டாவது என்று புரிந்துகொண்டேன். மனதில் குறித்துக்கொண்டேன். ரசமும் அப்படித்தான், கத்திரிக்காய் வதக்கலும் அப்படித்தான். அம்மா இப்படிப் பாகுபாடு பார்ப்பாள் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று பொருமினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சொதி கேட்டான். அவன் கேட்டால் அப்பீல் ஏது? சொதியின் உயிர் தேங்காய்ப்பாலில் இருக்கிறது. மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, இரண்டாம் பாலில் பருப்பைக் கரைத்து, இறக்கும்போது கெட்டியான முதல் பாலை ஊற்றுவார்கள். கூடவே இஞ்சிப் பச்சடி. எல்லாரும் கூடத்தில் அவன் கட்டிலைச் சுற்றித் தட்டோடு உட்கார்ந்தோம். ஒரு வாய் வைத்தேன். உப்பு இருந்தது, காரம் நாக்கைச் சுட்டது, எலுமிச்சைப் புளிப்பும் இருந்தது. தேங்காயை மட்டும் காணோம். முதல் பாலை ஊற்றுவதற்கு முன்பே எனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு அவனுக்கு ஊற்றியிருக்கிறாள். பிள்ளைகள் முன்னால் என்றும் பார்க்காமல் தட்டைத் தள்ளினேன்.

"அவனுக்கு மொதப் பாலு, எனக்கு மூணாம் பாலாம்மா? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"என்னலே பேசுத? ஒரே சட்டிலதானலே ஊத்துனேன்."

தம்பி தன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். அதில் பாதி தின்றிருந்தான். கையை விட்டு அள்ளி வாயில் போட்டேன். உப்பு, காரம், புளிப்பு. இன்னொரு வாய் எடுத்தேன். அதிலும் தேங்காய் இல்லை. தம்பி மகள் சோற்றில் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டு, மணக்குது ஆச்சி என்றாள்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து என் மூக்கடியில் பிடித்தாள்.

"தெரியுதா?"

இல்லை என்றேன். காபிப்பொடி கொண்டுவந்தாள். கருவேப்பிலையைக் கசக்கிப் பிடித்தாள். எதிலும் எனக்கு வாசனை தெரியவில்லை. என் மனைவி டாக்டருக்குப் போன் போட்டாள். தலையில் அடிபட்டால் மோப்ப சக்தி போவது உண்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம்.

"எங்கிட்ட எத்தன தடவ சொன்னான், நான் கேக்கலியே" என்று அம்மா அழுதாள். என் தலையைப் பைய இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வீடு முழுக்க என்னைச் சுற்றி நின்றது, மாவுக்கட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முந்தானைக்குள் ஆழமாக மூச்சை இழுத்தேன். துணி மட்டும் இருந்தது, அம்மா இல்லை.

தம்பி கட்டிலிலிருந்து சரிந்து வந்து, ஆறுதல் சொல்வதுபோல அவள் தோளில் முகத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன்மீது அன்றைக்குப் பட்ட அளவுக்குப் பொறாமை அதற்கு முன்னால் நான் பட்டதே இல்லை.