ஜெனரல் நாற்காலியில் அக்கா

என் அக்கா புருஷனை எங்கள் தெருவே ஜெனரல் என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். முகாம் சமையற்கூடத்தில் சேர்ந்து, முந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டு, அதே சமையற்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தார். அவர் நேருக்கு நேர் சந்தித்த மிகப் பெரிய எதிரி வெங்காயம். ஆனால் நடையைப் பார்க்க வேண்டுமே! பால் வாங்கப் போனாலும் அணிவகுப்புக்குப் போகிற மிடுக்குதான்.

நான் சொல்லவந்தது அக்காவைப் பற்றி. அவளும் சமையல்காரிதான். அரசு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் இருபது வருட வேலை. உப்பில்லாதது, சர்க்கரை இல்லாதது, பல்லில்லாதவர்களுக்குக் குழைத்தது என்று இருநூறு தட்டுகளுக்கு மனக்கணக்குப் போட்டே அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் கடைசித் தேர்வு முடிந்த மறுவாரமே அவள் வேலைக்குப் போனாள். அப்பா இல்லை, நான் சின்னவன். அவள் போகாமலிருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் படிப்பு ஆசை அவளை விட்டுப் போகவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவாள்.

எனக்குக் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஒருநாள் கல்லூரியிலிருந்து ஓர் அறிவிப்பு நகலெடுக்க வந்தது. படையில் பணியாற்றியவர்களுக்கு மாலை வகுப்பில் ஒரு வருட டிப்ளமா இலவசம்; மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். அந்தக் கட்டணம் அவளுக்கு எட்டாது; மகளின் படிப்புக்கே வீட்டில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்தாயிற்று. அவள் அறிவிப்பை இரண்டு தடவை படித்தாள்.

"ஏன்டா, இது எல்லாருக்கும் கிடையாதா?"

"உயிரைக் கையில புடிச்சிட்டு நின்னவங்களுக்குக் குடுக்கிறாங்கக்கா. எல்லாருக்கும் குடுக்க, ஆத்துல போற தண்ணியா, அய்யா குடி அம்மா குடின்னு?"

இதை நான் நியாய உணர்ச்சியில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவன் நான். எனக்குக் கிடைக்காதது இன்னொருத்தருக்குச் சும்மா கிடைத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

அக்கா வாதாடவில்லை. அன்று மாலையே மாமா பெயரில் விண்ணப்பத்தை நிரப்பினாள். பாடம் என்ற இடத்தில் வரலாறு என்று எழுதினாள். மாமா அலறினார்.

"எனக்கு எதுக்குடி வரலாறு? இருக்கிற வயசுக்கு நானே வரலாறு!"

"தானமா வர்ற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதீங்க. நீங்க போயி உக்காருங்க, போதும். பாடத்தை எழுதிட்டு வந்து எங்கிட்டக் குடுங்க."

மாமா போய் உட்கார்ந்தார். உட்காருவதில் குறை வைக்கவில்லை. ஆனால் பாதி நாள் அவர் எழுதிக்கொண்டு வந்த குறிப்பில், "அரசர் மிகுந்த கோபத்துடன்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கப்புறம் பேனா கோடு இழுத்துக்கொண்டே தாளின் ஓரத்துக்குப் போயிருக்கும். தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்த அரசர் கோபத்துடன் என்ன செய்தார் என்று தெரியாமல் அக்கா ஒரு வாரம் தவித்தாள். பிறகு நூலகத்துக்குப் போய் நின்றுகொண்டே படித்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாதம் பல்பு மாட்ட நாற்காலியில் ஏறிய மாமா கீழே விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். நாலு வாரத்துக்கு மாவுக்கட்டு. மாதாமாதம் முக்கால்வாசி நாளாவது வகுப்புக்கு வராவிட்டால் இலவச இடம் ரத்து. மாமாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். அக்காவுக்குத்தான் முகம் செத்துவிட்டது. அந்த இடம் போனால் அவளுக்குப் பாடமும் போகும்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவளே போய் மாமாவின் இடத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் எழுபது பேர். எண்ணைச் சொல்லித்தான் வருகை எடுப்பார்கள். வரலாற்றுப் பேராசிரியர் பதிவேட்டை விட்டுத் தலையைத் தூக்கியதை யாரும் பார்த்ததில்லை. "நாற்பத்தொண்ணு" என்றார். "பிரசண்ட் சார்" என்றாள் அக்கா. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு நாள் இப்படிப் போயிற்று.

"சந்தோஷமா இருக்குடா" என்று கடைக்கு வந்து சொன்னாள். அதற்கு முன் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றிப் பாடம். உள்ளே நானூறு வீரர்கள், இருபத்திரண்டு மூட்டை மாவு. பன்னிரண்டாம் நாள் ஒரு துரோகி கதவைத் திறந்துவிட்டதால் கோட்டை விழுந்தது என்று புத்தகம் சொல்கிறது. பேராசிரியரும் அதையே சொன்னார். அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"சார், ஒரு மூட்டை அம்பது கிலோன்னு வைங்க. ஆளுக்குக் கால் கிலோன்னாலும் நானூறு பேருக்கு ஒரு நாளைக்கு நூறு கிலோ வேணும். பதினோராம் நாள் ராத்திரியோட மாவு சரி. கதவைத் திறந்தவன் துரோகி இல்ல சார். பசிக்காரன்."

பேராசிரியர் தலையைத் தூக்கினார். தாளை எடுத்து ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. "பிரமாதம்! உங்க எண் என்ன?" என்று பாராட்டுவதற்காகத்தான் கேட்டார் மனிதர். பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு நேரே ஓய்வுபெற்ற ஆண் சமையல்காரரின் பெயர் இருந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மறுநாள் பிரின்ஸிபால் அம்மாவின் அறைக்கு மூவரும் போனோம். மாமாவை என் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனேன். மாவுக்கட்டுக் காலோடு அவர் விறைப்பாக நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது.

"தப்பு என்னுதும்மா. எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் இருபத்திரண்டு வருசம் கரண்டி புடிச்சேன். இவளும் இருபது வருசமாக் கரண்டிதான் புடிக்கிறா. நான் சாப்பாடு போட்டது திடகாத்திரமான ஆளுங்களுக்கு. இவ போடறது நோயாளிங்களுக்கு. என் கரண்டிக்குப் படிப்பு உண்டு, இவ கரண்டிக்குக் கிடையாதா?"

மாமா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அசந்துபோனேன். பிரின்ஸிபால் அம்மாவும் கொஞ்சம் இளகின மாதிரி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவும் மாமா மேல்!

"நீங்க சும்மா இருங்க. கரண்டி புடிச்சா படிக்கலாமா? அப்ப டிக்கெட் கிழிக்கிறவங்க? துணி மடிக்கிறவங்க? எதுவும் செய்யாம வீட்ல இருக்கிறவங்க? அவங்கல்லாம் படிக்க வேணாமா?" பிரின்ஸிபால் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் செஞ்ச வேலைக்குக் கூலி குடுத்தாச்சு. அதுக்குப் பரிசாப் படிப்பைக் கேக்கல. எனக்குப் படிக்கணும், அதனால கேக்கறேன்."

பிரின்ஸிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்ன பண்ணட்டும்? படையில பணியாற்றினவங்களுக்குன்னு போட்டிருக்கு. நான் மாத்த முடியாது."

கடைசியில் அவரால் முடிந்ததைச் செய்தார். மாமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒன்பது நாள் வருகை ரத்து. கால் சரியானதும் சிறப்பு வகுப்பில் வந்து ஈடுகட்ட வேண்டும். அக்கா வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். எண் கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. நான் வெளியே வந்து, "இது என்னக்கா, இலை போட்டுட்டு சோறு இல்லங்கற மாதிரி?" என்று குதித்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாதிதான் கோபம். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளாஸுன்னு பாரு" என்றாள்.

அந்த வருடம் முழுக்க இருவரும் சேர்ந்துதான் போனார்கள். மாமா தூங்குவார், அவள் முழங்கையால் இடிப்பாள். வரலாற்றுத் தேர்வு முடிந்த மறுநாள் அக்கா மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு, மாமாவின் கேள்வித்தாளோடு என் கடைக்கு வந்தாள். மெஷினுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு மூன்று மணி நேரம் எழுதினாள். நான் மேற்பார்வையாளராம். "நான் எதையும் பாத்து எழுதலன்னு நீதான் சாட்சி" என்றாள். எழுதி முடித்து, நூல் போட்டுக் கட்டி, பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் மறுக்கவில்லை.

முடிவுகள் வந்து டிப்ளமா கொடுத்த அன்று மாமா மதிப்பெண் பட்டியலை நகலெடுக்கக் கடைக்கு வந்தார். வரலாற்றில் நாற்பத்து மூன்று. நாற்பது எடுத்தால் தேர்ச்சி. டிப்ளமாவைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அக்காவும் வேலை முடிந்து அங்கே வந்தாள். சற்று நேரத்தில் பேராசிரியர் சாலையைக் கடந்து வந்து, அவள் விடைத்தாளை அவளிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். முதல் பக்கத்தில் எண்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"வகுப்புலயே இதுதான் முதல் மார்க்கும்மா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

மாமா தன் தாளைப் பார்த்தார், அவள் தாளைப் பார்த்தார். "ஒரே பாடந்தானே மாப்ளே ரெண்டு பேரும் படிச்சோம்" என்றார்.

அக்காவின் முகம் பூரித்திருந்தது. தாளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எங்கே மதிப்பெண் குறைந்தது என்று பார்த்து முடித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"எனக்கும் ரெண்டு காப்பி எடுடா."

எடுத்தேன். அவள் ஓரம் பிசகாமல் அடுக்கி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதை எங்கடா கொண்டுபோய்க் குடுக்கணும்?"

எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும் என்று ஊருக்கே வழி சொல்கிறவன் நான். மெஷினை அணைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.