நூற்றுக்கு நாற்பத்தாறு

ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது. பணியில் இருக்கும்வரை உண்டு. கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அகவிலைப்படி தொடரும், மருத்துவப்படி பெயருக்குத் தொடரும், வாடகைப்படி மட்டும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் மனிதர்கள் வீட்டில் வசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்று விதியை எழுதியவர் எண்ணியிருக்க வேண்டும். நான் இருபத்தாறு வருடம் சம்பளப் பட்டியல் பிரிவில் இருந்தவள். விடைபெறும் நாளில் கழுத்தில் மாலையோடு வந்து கேட்ட பலருக்கு அந்த விதியை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பியதில்லை.

அந்தப் பிரிவில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். வாடகைப்படிக்கு வருமான வரி விலக்குக் கேட்டால், கொடுத்த வாடகையிலிருந்து சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பார்ப்பார்கள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வாடகைக்குப் போவது மழை பெய்வதைப் போல இயற்கை, அதற்கு மேல் போவதுதான் செலவு என்று அர்த்தம். எனக்கு நூற்றுக்கு நாற்பது போய்க்கொண்டிருந்தது. இப்போது நாற்பத்தாறு. அந்த ஆறு எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து நான்கு தெரு உள்ளே. கீழே மூன்று, மேலே மூன்று என்று ஆறு போர்ஷன்கள். ஓனர் அந்த ஊரின் பழைய குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் அங்கே நெல் போட்டார்களாம். இப்போது வருடத்துக்குப் பன்னிரண்டு போகம் வாடகை எடுக்கிறார். பக்கத்து மனையில் தனி வீட்டில் இருக்கிறார், என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதை தெரிந்தவர்.

எங்களுடையது கதவு எண் 1, தரைத்தளம். என் கணவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. மூன்று படி ஏறினால் நான்காவது படியில் உட்கார்ந்துவிடுவார். படி இல்லாத வாசல், குளியலறைச் சுவரில் கைப்பிடி, ஆட்டோ வந்து நிற்க இடம். இந்த மூன்றும் சேர்ந்த வீடு இந்தப் பக்கத்தில் வேறு இல்லை என்பதை மூன்று புரோக்கர்கள் தனித்தனியாக உறுதி செய்திருக்கிறார்கள், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு.

குடிவந்த வருடம் ஓனர் கொண்டுவந்த வாடகை ஒப்பந்தத்தில் ஏழு பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். செய்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து ஆறு போர்ஷன்களின் ஒப்பந்தங்களையும் நான்தான் எழுத வேண்டும் என்றாகிவிட்டது. கடையில் டைப் அடித்தால் காசு. என் கையெழுத்து இலவசம். முத்திரைத்தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நிற்பார். பதினோரு மாதம் என்பது பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் இருப்பதற்காக ஊர் கண்டுபிடித்த எண், புதுச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் பதிய வேண்டும் என்று ஒருமுறை விளக்கினேன். அதெல்லாம் பெரிய இடத்துக்கு என்றார். கூலியாக, லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் எங்கள் பங்கைக் கேட்கமாட்டார். இப்படி ஒன்பது வருடம் என்னுடைய வாடகை உயர்வை நானே, ஒரு அடித்தல் இல்லாமல், எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

விதி தெரிந்தவளுக்குச் சொந்த வீடு ஏன் இல்லை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஓய்வு பெறும்போது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை அரசுக்கு விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மொத்தப் பணம் வாங்கிக்கொள்ளலாம். பதினைந்து வருடம் கழித்து அந்தப் பங்கு திரும்ப வரும். வாங்கினேன். படப்பைக்கு அப்பால் ஒரு மனை. முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, எல்லாவற்றையும் பார்த்தேன்; எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாவது மழைக்காலத்தில் ஏரி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் பெயர் எந்தத் தாளிலும் இல்லாததால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வாங்க ஆள் வரவில்லை. ஆக, பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு ஏரிக்கும், மீதியில் நூற்றுக்கு நாற்பது ஓனருக்கும் போய்க்கொண்டிருந்தன.

பதினைந்து வருடம் முடிந்தது. தானாகவே வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எதுவும் தானாக வராது. மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெறப்பட்டது என்று முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். உரிய மாதத்தில், பதினைந்து வருடத்துக்கு முந்தைய அடிப்படைப் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கான நான்காயிரத்து இருநூறு ரூபாய் கூடுதலாக வந்தது. பாஸ்புக்கில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் கணவருக்குத் தோன்றியது. அவர் தனியார் கம்பெனியில் இருந்தவர். அவருடைய பென்ஷன் அவருடைய மாத்திரைகளுக்கே போதாது. ஆட்டோ வைத்துக்கொண்டு போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து, தடியை ஊன்றிக்கொண்டு ஓனர் வீட்டுக்கும் போய்க் கொடுத்தார்.

"எங்க வீட்ல முழு பென்ஷன் வந்துடுச்சு. மாசம் நாலாயிரத்துச் சொச்சம் ஏறியிருக்கு" என்று ஓனரின் மனைவியிடம் சொன்னாராம்.

தொகையை எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஸ்வீட் கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டாமா என்றார்.

மூன்று வாரம் கழித்து, நவம்பர் கடைசியில், ஓனர் வந்தார். கையில் முத்திரைத்தாள் இல்லை, வெறும் வெள்ளைத்தாள்.

"பையனுக்குக் கல்யாணம் கூடி வந்துகீது மேடம். வைகாசில முகூர்த்தம். தனியா வெக்கணும், அதுக்கு முன்ன பாத்ரூம் வேலை, பெயிண்ட் வேலைலாம் கீது. ஒரு போர்ஷன் காலி பண்ணச் சொல்லி லெட்டர் எழுதிக் குடுங்க. மூணு மாசம் டைம் குடுத்துட்லாம்."

எழுத ஆரம்பித்தேன். அனுப்புநர், நாள். பெறுநருக்கு வந்தபோது கதவு எண் கேட்டேன்.

"அத மட்டும் காலியா வுடுங்க மேடம். நான் போட்டுக்கிறேன்."

"கதவு எண் இல்லாத நோட்டீஸ் செல்லாது. எண்ணும் வேணும், தளமும் வேணும்."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். புது வருடத்துக்கு அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

"ஒண்ணு" என்றார். சற்றுக் கழித்து, "தரைத்தளம்."

எழுதினேன். உள்ளே என் கணவர் டிவியில் ஏதோ பழைய கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரோ ஒருவருடைய கோப்பு மேசைக்கு வந்ததைப் போலத்தான் இருந்தது. காலி செய்யும் அன்றே முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற வாக்கியத்தைக் கடைசியில் சேர்த்தேன். எல்லோருக்கும் சேர்ப்பதுதான். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன், போட்டார். அதற்குப் பிறகுதான், வாடகை எவ்வளவு ஆனால் இந்தப் போர்ஷன் உங்களுக்குத் தேவைப்படாது என்று கேட்டேன்.

அப்படியெல்லாம் இல்லை என்றார். காலமெல்லாம் இருந்தவர்கள் என்றார். எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு நாலு ஏத்திக் குடுத்தீங்கன்னா பையன மேல வெச்சுக்குவேன். சின்ன வயசு தானே, படி ஏறட்டும்."

மைசூர்பாகு வேலை செய்திருந்தது. இருநூறை எங்களுக்கு விட்டுவைத்ததில் ஒரு கண்ணியம் இருக்கத்தான் செய்தது.

எனக்கு வழி தெரியாமல் இல்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், வாய்தா வாங்கலாம், இரண்டு வருடம் இழுக்கலாம். அந்த இரண்டு வருடமும் குழாயில் தண்ணீர் வர வேண்டும். மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

மறுநாள் முத்திரைத்தாளில் புது ஒப்பந்தம் எழுதினேன். பதின்மூன்றாயிரம் பதினேழாயிரம் ஆயிற்று. மொத்தப் பென்ஷன் முப்பத்தாறாயிரத்து எழுநூறு. கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் இருநூறு இருக்கே" என்றார்.

முதல் நாள் எழுதிய வெள்ளைத்தாளைக் கொடுங்கள், கிழித்துவிடலாம் என்று ஓனரிடம் கேட்டேன். இருக்கட்டும், ஆகும் என்று நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாருக்கு ஆகும் என்று எனக்குத் தெரியும். மேலே உள்ள மூன்று போர்ஷன்களில் இரண்டில் ஓனரின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மூன்றாவது, கதவு எண் 4.

அங்கே ஒரு பெண்ணும் அவள் மகளும் ஐந்து வருடமாக இருந்தார்கள். அவளுக்குக் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை. மகள் பத்தாம் வகுப்பு, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். ஊழியர்களுக்கான சலுகை விலையில் என் கணவருக்கு மாத்திரை வாங்கிவந்து கொடுப்பவள் அவள்தான். பில்லைக் காட்டாமல் பணம் வாங்கமாட்டாள். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் தாளோடு வந்தாள்.

"உங்க கையெழுத்துதான், தெரியும் ஆன்ட்டி. நீங்கதானே எல்லாருக்கும் எழுதறீங்க. அதான் உங்ககிட்டயே கேக்கறேன். இது செல்லுமா?"

வாங்கிப் பார்த்தேன். நான் எழுதிய அதே தாள். ஒன்று என்ற எண்ணை அடித்து நான்கு என்று போட்டிருந்தது. தரைத்தளத்தை அடித்து, மேலே பால்பாயிண்ட் பேனாவில் முதல் தளம். தேதி பழைய நவம்பர் தேதிதான். அதன்படி பிப்ரவரி கடைசியில் காலி செய்ய வேண்டும், மகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச் கடைசியில். இரண்டு திருத்தங்களில் எதற்கும் பக்கத்தில் ஓனரின் சுருக்கொப்பம் இல்லை.

இருபத்தாறு வருடம் நான் தாள்களைத் திருப்பி அனுப்பியது பெரும்பாலும் இதற்காகத்தான். திருத்தம் செய்தவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போடாவிட்டால் அது யார் செய்த திருத்தமாகவும் இருக்கலாம். இதைத் திருப்பி அனுப்பினால் ஓனர் புதுத் தேதி போட்டு வேறு எழுத வேண்டும். மூன்று மாதம் அங்கிருந்து ஆரம்பிக்கும். தேர்வு முக்கால்வாசி முடிந்திருக்கும், கல்யாணமும் நின்றுவிடாது. ஆனால் ஓனர் வேறு எழுத என் மேசைக்குத்தான் வருவார். பெறுநர் யார் என்று நான் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

"செல்லும்" என்றேன்.

அவள் சரி என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு மாதம் பக்கத்திலேயே தேடினாள். அவள் சம்பளத்தில் பாதிக்குக் கீழே எதுவும் அமையவில்லை. கடைசியில் கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற ஒரு லேஅவுட்டில் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். மகள் தேர்வுக்கு ரயிலில் வந்து போகலாம் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். பிப்ரவரி நடுவில் அந்த வீட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லி வந்தாள்.

படித்தேன். வாடகைத் தொகையை அடித்துத் திருத்தியிருந்தார்கள். பேனா முனையால் அந்த இடத்தைத் தொட்டு, "இங்க ஓனர்கிட்ட சுருக்கொப்பம் வாங்கிக்கோ. திருத்தினா பக்கத்துல போடணும், இல்லாட்டி செல்லாது" என்றேன். வாயிலிருந்து போன பிறகுதான் காதில் விழுந்தது.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பேப்பருக்கும் அப்படித்தானா ஆன்ட்டி?"

"எந்தப் பேப்பருக்கும்."

காபி குடிக்கிறாயா என்று என் கணவர் உள்ளே இருந்து அவளைக் கேட்டார். இல்லை அங்கிள், குக்கர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று மாடிக்குப் போய்விட்டாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. அதே நாட்களில் ஓனரும் இரண்டு முறை வந்து போனார். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்பதுதான் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது.

பிப்ரவரியின் கடைசிக்கு முந்தின நாள் குட்டியானை வண்டி வந்து சாமான்களை ஏற்றியது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே நடை. ஓனர் பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். முன்பணத்தை முதல் நாளே கொடுத்துவிட்டு, சாவியை மேடத்திடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். அவள் சாவியை மேசையில் வைத்தாள். ரசீது வேண்டும் என்றாள்.

கதவு எண் 4, முதல் தளம், சாவிகள் இரண்டு பெற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அங்கிளுக்குப் பதினைந்தாம் தேதிவரை மாத்திரை இருக்கிறது, அதற்குள் வேறு யாரிடமாவது சொல்லி வையுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன். தேதி போடும்போது ஜனவரி என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டுப் பிப்ரவரி என்று மாற்றி, கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. தேதி இருந்த இடத்தில், திருத்தத்துக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரலை வைத்தாள்.

சுருக்கொப்பம் போட்டேன்.