இன்னும் கொஞ்சம்தான்

நிறுவனத்தின் இணையதளத்தில் கிருஷாந்தியின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: 'ஆவணத் தரப் பொறுப்பாளர். தயவு தாட்சண்யமற்ற துல்லியம் கொண்டவர். குறைகளை முகத்துக்கு நேரே சொல்லத் தயங்காதவர்.' படம் அவளுடையதுதான். மற்றது யாருடையது என்று தெரியவில்லை.

கிருஷாந்தி மலையடிவார ஊரான நல்லதண்ணியில் பிறந்தவள். சட்டையை அளவு தப்பாகத் தைத்துக் கொடுத்தால் தையல்காரரிடம் "ரொம்ப நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தானே பிரித்துத் தைப்பவள். பல் வைத்தியர் வேறொரு பல்லைத் தட்டி "இதுவா?" என்று கேட்டபோது, அவர் மனம் நோகக் கூடாதென்று "அதுவும்தாங்க" என்றவள்.

சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழி அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. யாத்திரை சீசனில் அக்கா ஜீவராணி அங்கே கடை போட்டு, தேத்தண்ணியும் கம்பளித் தொப்பியும் விற்பாள். மூச்சு வாங்க ஏறுகிறவர் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், இறங்கி வருகிறவர்களில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. "இன்னும் கொஞ்சம்தாங்க." அடிவாரத்தில் கேட்டாலும் அதே பதில், பாதி வழியில் கேட்டாலும் அதே பதில். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கைகொடுத்துத் தூக்கிவிடுவதுபோல அது ஒரு மரியாதை. கிருஷாந்தி பேசப் பழகியதே இந்த வார்த்தையில்தான் என்பாள் அக்கா.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வழிகாட்டி எழுதுவது. நிறுவனத்தின் கருவிக்குச் 'சல்லடை' என்று பெயர். ஒரு பெரிய நிரலை அலசி, எது எதை நம்பி நிற்கிறது, எதைத் தொட்டால் எது விழும் என்று சொல்லும். அதைக் கையாள்வது மனிதர்கள் அல்ல. மனிதர்களுக்காக நிரல் எழுதித் திருத்தும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்கள். அவை கிருஷாந்தியின் வழிகாட்டியை வாசித்துத்தான் வேலையில் இறங்கும்.

'பெரும்பாலும்', 'சற்றே', 'கூடிய விரைவில்' என்று பக்கத்துக்குப் பக்கம் மெத்தை விரித்து எழுதினாள். வாசித்த மனிதர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் கருவியைத் தொடுகிற வேலை இல்லை.

வினை ஒரு கப்பல் நிறுவனத்திடமிருந்து வந்தது. அவர்களுடைய நிரலில் ஒரு பகுதி, சல்லடைக்கு வாசிக்கவே தெரியாத பழைய நிரல் மொழியில் இருந்தது. கிருஷாந்தியின் வழிகாட்டி சொன்னது: 'பழைய மொழிகளுக்குச் சற்று நேரம் எடுக்கலாம். பொறுமையாக இருந்தால் முடிவு கிடைக்கும்.' கப்பல் நிறுவனத்தின் ஏஜென்ட் பொறுமையாக இருந்தது. சனியும் இருந்தது, ஞாயிறும் இருந்தது. திரும்பத் திரும்ப முயன்று, ஒவ்வொரு தடவையும் 'முடிவு நெருங்கிவிட்டது' என்று தன் முதலாளிகளுக்கு அறிக்கையும் அனுப்பியது.

திங்கட்கிழமை அவளுடைய மேலதிகாரி அமிர்தநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரும் அந்தப் பக்கத்து ஹட்டன்காரர்தான்.

"அந்த மொழி நம்ம சல்லடைக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சேர்."

"அப்பறம் ஏன் சற்று நேரம் எடுக்கும்னு எழுதுனீங்க?"

"தெரியாதுன்னு மொட்டையா எழுதுனா, வாசிக்கிறவங்களுக்கு மனசு ஒடஞ்சிராதா சேர்?"

"வாசிக்கிறது மெஷினுங்க."

"அதுக்காக?"

அமிர்தநாதன் விஷயத்துக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை கப்பல்காரங்க மறுபடி ஓட்டிப் பாப்பாங்க. திரும்ப இப்படி நடந்தா ஒப்பந்தம் போச்சு. வழிகாட்டி எழுதுறதையும் ஒரு ஏஜென்டுகிட்டயே குடுத்துரலாம்னு மேல பேசிக்கிறாங்க. ஒங்க வேலையும் போயிரும். பாத்து எழுதுங்க."

பார்த்து எழுதினாள். 'இந்த மொழியை எங்கள் கருவி இன்னும் முழுமையாக அறிந்துகொள்ளவில்லை. எனினும் முயன்று பார்ப்பதில் தவறில்லை.' சோதனைக்கென்று வைத்திருந்த ஏஜென்டிடம் அதைக் கொடுத்தாள். 'ஊக்கத்துக்கு நன்றி. முயன்றுகொண்டிருக்கிறேன்' என்று பதில் வந்தது. புதன்கிழமையும் அது நன்றி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 'தெரியாது' என்று ஒரு தடவை எழுதியும் பார்த்தாள். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தது மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள்.

வியாழன் மாலை பஸ்கள் வந்து சேர்கிற நேரத்தில், அக்காவுக்கு உதவியாகக் கடையில் நின்றாள். வலப்பனையிலிருந்து வந்த ஒரு பெருத்த மனிதர், முட்டியில் துணிப்பட்டி கட்டியிருந்தவர், "ரொம்ப தூரமாங்க?" என்று கேட்டார்.

"இந்தா, கொஞ்சம்தாங்க. பேசிக்கிட்டே போயிரலாம்" என்றாள் ஜீவராணி, அவர் தலையில் ஒரு தொப்பியை வைத்து அளவு பார்த்தபடி.

அவர் நகர்ந்ததும் கிருஷாந்தி பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, அந்த முட்டிய வச்சுக்கிட்டு அவரு எப்புடி ஏறுவாரு? பொய் சொல்லி அனுப்புறியே!"

"அடியே, இத நீ கேக்குறியா? சம்பளம் வாங்கிக்கிட்டு பொய் எழுதுறவ நீ. நான் சும்மா சொல்றேன்."

"பாவம், ஒன் பேச்ச கேட்டு அவரு ஏறிக்கிட்டே இருந்தாருன்னா?"

"ஏறிக்கிட்டே இருக்க அவரு என்னா லூசா? முட்டி வலிச்சா ஒக்காந்துருவாரு. முடியலன்னா எறங்கி வந்து இங்கதான் பிளேன்டீ குடிப்பாரு. என் பேச்ச நம்பியா ஏறுறாங்க? அவங்கவங்க முட்டிய நம்பித்தான் ஏறுறாங்க."

கிருஷாந்தி கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்கு முட்டி இல்லக்கா."

"எதுக்கு?"

"என் வழிகாட்டிய வாசிக்கிறதுக்கு."

"முட்டி இல்லாத ஒண்ணையா கொஞ்சம்தான்னு சொல்லி ஏத்திவிட்ட? அடிப்பாவி! அது எங்க போய் ஒக்காரும்?"

துல்லியத்துக்காக நான்கு நாளாக எழுத முடியாததை, இரக்கத்துக்காக எழுத முடிந்தது. கடைக்குப் பின்னால் தொப்பி மூட்டையில் சாய்ந்து, மடிக்கணினியைத் திறந்து எழுதினாள். முன்னால் 'மன்னிக்கவும்' என்று சேர்த்தாள். பெருமூச்சு விட்டு அதை அழித்தாள். சோதனை ஏஜென்ட் வாசித்த உடனே நின்றுவிட்டது. நன்றிகூடச் சொல்லவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை கப்பல் நிறுவனத்தின் ஏஜென்டும் அதே இடத்தில் நின்று, இந்தப் பகுதியை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று அறிவித்தது. ஒப்பந்தம் தப்பியது, வேலையும் தப்பியது. "கடைசியில துணிஞ்சிட்டீங்களே" என்றார் அமிர்தநாதன். "இல்லங்க சேர், பாவமா இருந்துச்சு" என்றாள்.

முட்டிக்காரர் அன்று காலையே இறங்கி வந்திருந்தார். பாதி வழியில் திரும்பிவிட்டாராம். பிளேன்டீயை ஊதிக்கொண்டே, "மேல இன்னும் எவ்வளவு தூரம் இருந்திருக்குங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தாங்க இருந்துச்சு" என்றாள் கிருஷாந்தி.

இணையதளத்தில் அந்த வரிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவள் செய்தது இது: சல்லடைக்கு வாசிக்கத் தெரியாத ஐந்து மொழிகளின் பெயருக்கு நேரே, 'தெரியாது. நிறுத்து. ஒரு மனிதரிடம் சொல்' என்று எழுதினாள்.